கப்பல் இல்லாத கப்பல் படிப்பு

வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு, பின்னால் நீலக் கடல். கீழே பெரிய எழுத்தில் 'டொலரில் சம்பளம்'. உயர்தரப் பெறுபேறு வரும் காலத்தில் இந்த மாதிரி விளம்பரங்கள் நம் எல்லாருடைய போனிலும் வந்து விழும். கொழும்புப் பிள்ளைக்கும் விழும், யட்டவத்த பக்கம் மிளகுக் கொடிக்கும் ரப்பர் மரத்துக்கும் நடுவில் சிக்னல் தேடுகிற பிள்ளைக்கும் விழும். விளம்பரத்துக்குப் பாகுபாடு இல்லை. பாகுபாடெல்லாம் காசைக் கட்டின பிறகுதான் தெரியவரும்.

ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்தளை மாவட்டத்தில் கடல் கிடையாது. எந்தப் பக்கம் நடந்தாலும் கடலுக்கு முன்னால் இன்னொரு மாவட்டம் குறுக்கே நிற்கும். ஆனாலும் இங்கிருந்து ஒரு பிள்ளை வணிகக் கப்பலில் அதிகாரியாக ஆசைப்பட்டால் அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. "கடலையே பார்க்காதவன் கப்பல் ஓட்டப் போறானாம்" என்று நக்கலடிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எந்த உதவியும் கிடைக்காது. எனக்குக் கோபம் வேறு ஆட்கள் மேல். அந்த ஆசைக்கு முழு விலை வாங்கிக்கொண்டு பாதிச் சரக்கைக் கொடுக்கிற ஏற்பாட்டின் மேல். அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற அதிகாரத்தின் மேல்.

என் வாதம் சுருக்கமானது. கடலில் கழிக்கும் பயிற்சிக் காலம், அதாவது நம் பையன்கள் 'சீ டைம்' என்று சொல்வது, படிப்பு முடிந்த பிறகு தேட வேண்டிய வேலை கிடையாது. படிப்பின் ஒரு பாதியே அதுதான். ஆகவே கப்பலில் இடம் உறுதியில்லாமல் ஒரு கெடட்டைச் சேர்ப்பது, பாதிப் பாடநெறியை முழுப் பாடநெறி என்று சொல்லி விற்பது. அதை நிறுத்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

இது என் சொந்த வியாக்கியானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கக் கப்பல் அதிகாரிகளை உருவாக்குவதற்கு ஒரே ஒரு அடிப்படை ஒப்பந்தம்தான் இருக்கிறது. எஸ்.டி.சி.டபிள்யூ. என்று அழைக்கப்படும் அந்த ஒப்பந்தம் 1978இல் உருவாகி, 1984இல் நடைமுறைக்கு வந்தது. 1995இலும், 2010இல் மணிலாவிலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. இலங்கையில் கொடுக்கப்படும் சான்றிதழ் சிங்கப்பூரிலும் ரொட்டர்டாமிலும் செல்லுகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த ஒப்பந்தம்தான்.

500 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் காவல் பொறுப்பெடுக்கும் டெக் அதிகாரிக்கு அது வைக்கிற நிபந்தனைகளைப் பாருங்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் பகுதியாகக் குறைந்தது 12 மாதம் கடலில் இருந்திருக்க வேண்டும். அந்த 12 மாதத்தில் என்ன செய்தார், யார் சொல்லிக்கொடுத்தார், யார் சரிபார்த்தார் என்று பயிற்சிப் பதிவேடு ஒன்றில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அதில் குறைந்தது 6 மாதம் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேடையில், கப்டனோ தகுதியுள்ள அதிகாரியோ பக்கத்தில் நிற்கக் காவல் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் அதிகாரிச் சான்றிதழ்.

இஞ்சின் பக்கமும் அப்படித்தான். பட்டறைப் பயிற்சியும் கடற்சேவையும் சேர்த்துக் குறைந்தது 12 மாதம், அதில் குறைந்தது 6 மாதம் இஞ்சின் அறைக் காவல். கடற்சேவைக்கு இங்கேயும் பதிவேடு உண்டு.

'பயிற்சித் திட்டத்தின் பகுதியாக' என்ற சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். வகுப்பு ஒரு பகுதி, கடல் இன்னொரு பகுதி, இரண்டும் சேர்ந்தால் ஒரு பயிற்சி. ஒப்பந்தத்தை எழுதினவர்களுக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. சந்தேகம் வந்தது கட்டண விபரம் எழுதினவர்களுக்குத்தான்.

மருத்துவபீட மாணவரை ஐந்து வருசம் புத்தகம் மட்டும் படிக்க வைத்துவிட்டு, "வைத்தியசாலையை நீங்களே தேடிக்கோங்க, எங்க வேலை முடிஞ்சுது" என்று சொன்னால் நாடே கொதிக்கும். கெடட் விசயத்தில் அதையே சொன்னால், "கப்பல் லைன் அப்படித்தான் தம்பி" என்கிறார்கள்.

யட்டவத்தக் கணக்கு

கொழும்பில் அப்பா கம்பனி முகாமையாளராக இருக்கிற பிள்ளைக்கும் கப்பல் கிடைக்காமல் போகலாம். அது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தாமதம் தோட்டத்துப் பிள்ளையின் வீட்டில் வேறு உருவம் எடுக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் வந்தது. இப்போது பாடநெறிக் கட்டணம், பாதுகாப்புப் பயிற்சிகள், மருத்துவப் பரிசோதனை, சீருடை, கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 10 இலட்சம் ரூபா என்று வையுங்கள். 2024ஆம் ஆண்டுக் கூலியில் அது 740 நாள் உழைப்பு. மாதத்துக்கு 25 நாள் வேலை கிடைத்தாலும் ஏறக்குறைய இரண்டரை வருசம். அந்த இரண்டரை வருசமும் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது, யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, ஒரு சடங்குக்கும் மொய் எழுதக் கூடாது.

அப்படி யாராலும் இருக்க முடியாது. அதனால் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். சீட்டுக் காசு முன்கூட்டியே எடுக்கப்படும். நுண்கடன்காரர் வாராவாரம் லயத்து வாசலுக்கு வருவார். அவருக்குப் பதிவேடும் தெரியாது, பிரிட்ஜும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தவணை நாள்.

இந்த நிலையில் பையன் வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பெட்டியில் வெள்ளைச் சட்டை இருக்கிறது. கப்பல் இல்லை. ஊர் கேட்கிறது: "எப்ப தம்பி கப்பல்?" ஆறு மாதம் போகிறது. ஒரு வருசம் போகிறது. காத்திருப்பதற்கும் காசு போகும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை. மருத்துவச் சான்றிதழ் ஆகக்கூடியது இரண்டு வருசத்துக்குத்தான் செல்லும். உயிர்காப்பு, தீயணைப்புப் பயிற்சிகளை ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக் காட்ட வேண்டும். படித்ததும் மறந்துபோகும். மோதல் தவிர்ப்பு விதிகளை மனப்பாடம் செய்த பிள்ளை, மாத்தளை டவுனில் போன் கடையில் ரீலோட் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஒரு 'அண்ணே' வருவார். "கப்பல் ரெடி, கொஞ்சம் செலவு இருக்கு" என்பார். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் இதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுகிறது. ஆட்சேர்ப்புக்கும் வேலை கொடுப்பதற்கும் கடலோடியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்ற சொந்தப் பத்திரங்களின் செலவு மட்டும்தான் அவருடையது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. இந்த ஒப்பந்தத்தை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. கெடட்டும் கப்பலில் வேலை செய்கிறவர்தான். ஆகவே கப்பல் ஏற்றிவிடுவதற்குக் காசு கேட்கிறவர் எந்தப் பெயரில் கேட்டாலும், 'சேர்விஸ் சார்ஜ்' என்றாலும் 'டொகியுமென்ட் பீஸ்' என்றாலும், அது இந்த ஒப்பந்தத்துக்கு விரோதமானது. ஆனால் வாங்கின கடனின் வட்டி ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்கையில் எந்தத் தாய் ஒப்பந்தம் பேசுவாள்? இன்னொரு தோடு இருந்தால் அதுவும் போகும்.

அவர்கள் சொல்லும் பதில்கள்

இதைக் கேட்டால் நாலு பதில் தயாராக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: "உலகத்துலயே கப்பல் அதிகாரிகளுக்குத் தட்டுப்பாடு. கவலைப்படாதீங்க, இடம் வரும்." தட்டுப்பாடு உண்மை. பிம்கோவும் சர்வதேசக் கப்பற்போக்குவரத்துச் சம்மேளனமும் 2021இல் வெளியிட்ட அறிக்கை, 2026க்குள் மேலதிகமாக 89,510 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று கணித்தது. ஆனால் தட்டுப்பாடு யாருக்கு? கையில் சான்றிதழ் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு. சான்றிதழ் எடுக்கக் கப்பல் தேடும் கெடட்டுக்கு அங்கே வரவேற்பு குறைவு. காரணம் சாதாரணமானது. கெடட்டை ஏற்றினால் ஒரு கபின் வேண்டும், உயிர்காப்புப் படகில் ஓர் இடம் வேண்டும், சாப்பாடும் படியும் வேண்டும், சொல்லிக்கொடுக்க அதிகாரியின் நேரம் வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால் அந்தப் பிள்ளை நாளைக்கு வேறு கம்பனிக்குப் போய்விடலாம். அதனால் ஒவ்வொரு கம்பனியும் பக்கத்துக் கம்பனி பயிற்சி கொடுக்கட்டும் என்று காத்திருக்கிறது. பழம் எல்லாருக்கும் வேணும், மரம் வைக்க யாரும் இல்லை. 89,510 என்ற எண்ணைக் காட்டி மாணவர் சேர்க்கிறவர்கள் பழத்தைக் காட்டுகிறார்கள். மரத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

இரண்டாவது பதில்: "அப்படின்னா சீ டைமைக் குறைச்சிடலாமே, சிமியுலேட்டர்ல செய்யலாமே." வேண்டவே வேண்டாம். நாங்கள் கேட்பது சலுகை இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். நைட்ரிக் அமிலம் கசிந்த ஒரு கொள்கலனோடு, அதை இறக்க வேறு துறைமுகங்கள் மறுத்த பிறகு, அந்தக் கப்பல் இங்கே வந்து நின்றது. தீப்பிடித்தது, ஜூனில் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் நம் கரையெல்லாம் பனி மாதிரிக் குவிந்தன. நீர்கொழும்பு மீனவர் வயிற்றில் அடி விழுந்தது. கப்பலில் ஒரு தவறின் விலை கப்பலோடு முடிவதில்லை என்பதை இந்த நாடு படித்த பாடம் அது. கசியும் கொள்கலன் எப்படி மணக்கும், இரவு இரண்டு மணிக்கு எதிரே தெரியும் சிவப்பு விளக்கு மீன்பிடிப் படகா, இழுவைக் கப்பலா என்று எப்படி நிதானிப்பது என்பதெல்லாம் நின்று பழகி வருவது. அந்த 12 மாதத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த 12 மாதத்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்? துருப்பிடித்த, பேர் தெரியாத கப்பலில் சம்பளமில்லாமல் ஏறுகிறவர்கள் வருவார்கள். கடதாசியில் மட்டும் கடற்காலம் வாங்குகிறவர்கள் வருவார்கள். அப்படி வந்த அதிகாரி ஒருவர் ஒரு நாள் நம் கரையோரமே காவல் நிற்பார்.

மூன்றாவது பதில்: "நாங்க சின்ன நாடு. நமக்குன்னு எத்தனை கப்பல் இருக்கு?" இதில் பாதி உண்மை இருக்கிறது. அரசின் இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனம் 2016இல் வாங்கிய பெரிய கப்பல்கள் இரண்டு: சிலோன் பிரீஸ், சிலோன் பிரின்சஸ். இரண்டு கப்பலில் ஒரு தலைமுறையைப் பயிற்றுவிக்க முடியாது. ஆனால் கப்பல் முதலாளிகளிடம் பயிற்சி இடம் கேட்டு வாங்க வழி இருக்கிறது என்று மற்ற நாடுகள் காட்டியிருக்கின்றன. பிரித்தானியா 2000இல் கப்பல் கம்பனிகளுக்குத் தொன்னளவு வரி என்ற சலுகையைக் கொண்டுவந்தபோது கூடவே ஒரு நிபந்தனை வைத்தது: 15 அதிகாரிப் பதவிகளுக்கு வருசத்துக்கு ஒரு பயிலுனரையாவது எடுக்க வேண்டும். இந்தியா 2004இல் அதே மாதிரி வரியைக் கொண்டுவந்தபோதும் பயிலுனர் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கடமையைச் சட்டத்துக்குள்ளேயே எழுதியது. சலுகை வேணுமா, பிள்ளையை ஏற்று. கணக்கு அவ்வளவுதான். நமக்குக் கப்பல் குறைவாக இருக்கலாம். ஆனால் 2018இலேயே வருசத்துக்கு 70 இலட்சம் கொள்கலன் அலகுகளைத் தாண்டிய துறைமுகம் கொழும்பில் இருக்கிறது. இங்கிருந்து ஆளெடுக்கும் கம்பனிகள் இருக்கின்றன. அவற்றுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கை நம்முடையது. "எங்க நாட்டு அதிகாரிகளை எடுக்கிறீங்க, எங்க நாட்டுக் கெடட்டையும் எடுங்க" என்று சொல்வதற்குப் பெரிய கப்பற்படை தேவையில்லை, முதுகெலும்பு போதும்.

நாலாவது பதில்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது: "உங்க பிள்ளைகளுக்கு அதிகாரி லைன் எதுக்கு? சீமனாப் போகட்டும், பிறகு பார்ப்போம்." சீமன் வேலையில் கேவலம் எதுவுமில்லை. கப்பலை ஓட்டுவதே அந்தக் கைகள்தான். ஒப்பந்தத்திலும் அதற்கு வழி இருக்கிறது: பதிவேட்டோடு கூடிய பயிற்சித் திட்டம் இல்லாதவர் 36 மாதக் கடற்சேவையைக் காட்டி, படித்துப் பரீட்சை எழுதி அதிகாரியாகலாம். நேர்மையான வழி. அதில் போய் மேலே வருகிறவருக்கு என் மரியாதை இரட்டிப்பு. ஆனால் 12 மாத வழி காசுள்ளவனுக்கு, 36 மாத வழி தோட்டத்தானுக்கு என்று யார் பிரித்தது? ஒப்பந்தம் பிரிக்கவில்லை. நம் நாட்டுக் கட்டண முறை பிரிக்கிறது.

சரக்காகப் போனவர்கள்

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. கடலுக்கு நாங்கள் புதியவர்கள் அல்ல. எங்கள் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்ததே கடல் வழியாகத்தான். மன்னார்க் கரையில் இறக்கிவிடப்பட்டு, காடு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. 2023இல், 200 வருச நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம் ஆட்கள் அந்தப் பாதையைத் திரும்ப நடந்தார்கள். பிறகு 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்தார்கள். திரும்பவும் தலைமன்னார், திரும்பவும் கப்பல். வந்தபோதும் எங்களை எண்ணி ஏற்றினார்கள், போனபோதும் எண்ணி ஏற்றினார்கள். பிரிட்ஜில் யார் நின்றார் என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே எங்களுக்கு இடமில்லை என்பது மட்டும் தெரியும்.

இது எங்கள் கதை மட்டுமில்லை. பிரித்தானியக் கப்பல்களில் நிலக்கரி அள்ளினதும் கயிறு இழுத்ததும் இந்தியத் துணைக்கண்டத்து லஸ்கார்கள். அதே வேலைக்கு வெள்ளைக்காரரை விடக் குறைந்த கூலி. அதிகாரியாகும் வாசல் அவர்களுக்குத் தானாகத் திறக்கவில்லை. இந்தியர்களை வணிகக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க 1927இல் பம்பாயில் 'டஃபரின்' தொடங்கப்பட்டது. அது என்ன தெரியுமா? ஒரு கப்பல். அதிகாரியை உருவாக்க வேண்டுமானால் கப்பலைக் கொடுக்க வேண்டும் என்ற எளிய புத்தி அடிமை நாட்டுக் காலத்திலேயே வந்துவிட்டது. நூறு வருசம் ஆகப்போகிறது. நமக்கு இன்னும் புரொஷர்தான் கிடைக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கோ இந்தக் கதவு இன்னும் இறுக்கம். அதே 2021 அறிக்கையின்படி உலகக் கடலோடிகளில் பெண்கள் 24,059 பேர்தான், 1.28 சதவீதம். "பொம்பளப் புள்ளையக் கப்பலுக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2015இல் வங்காள விரிகுடாக் கொந்தளிப்பில் தத்தளித்த ஏழு மீனவர்களை மீட்ட எண்ணெய்க் கப்பலின் கப்டன் ராதிகா மேனன் என்ற பெண். அதற்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீர விருது 2016இல் அவருக்குக் கிடைத்தது. கொந்தளிக்கிற கடலில் உயிருக்குப் போராடும் மனிதன், காப்பாற்ற வருகிற கப்டன் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

என்ன செய்ய வேண்டும்

திட்டினால் மட்டும் போதாது, கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற் சட்டத்தின் கீழ் இந்தத் துறைக்குப் பொறுப்பாக ஒரு பணிப்பாளர் நாயகம் இருக்கிறார். பாடநெறிக்கு அங்கீகாரம் கொடுக்கும் இடத்திலேயே நிபந்தனை வைக்கலாம்.

ஒன்று. எத்தனை கப்பல் இடம் எழுத்தில் உறுதியோ, அத்தனை கெடட் மட்டும் சேர்க்கப்பட வேண்டும். கம்பனியோடு ஒப்பந்தம் செய்து, இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு ஆளெடுக்கும் பாடநெறிகளும் உலகில் நடக்கத்தான் செய்கின்றன. ஆகவே முடியாது என்ற பேச்சு எடுபடாது.

இரண்டு. கட்டணத்தில் பாதி, பிள்ளை கப்பல் ஏறின பிறகுதான் வாங்கப்பட வேண்டும். அப்போது கப்பல் தேடும் அவசரம் அம்மாவுக்கு மட்டுமில்லாமல் நிறுவனத்துக்கும் வரும்.

மூன்று. ஒவ்வொரு பயிற்சி நிலையமும் ஒவ்வொரு அணிக்கும் நாலு எண்ணைப் பகிரங்கமாகப் போட வேண்டும்: சேர்ந்தவர் எத்தனை, கப்பல் ஏறினவர் எத்தனை, ஏற எத்தனை மாதம் எடுத்தது, அதிகாரிச் சான்றிதழ் பெற்றவர் எத்தனை. தங்கக் கோடு போட்ட ஒருவருடைய படத்தைப் போடுகிறவர்கள் மிச்சப் பேருடைய கணக்கையும் போடட்டும்.

நாலு. ஆளெடுக்கும் முகவர்களின் அனுமதிப்பத்திரத்தில் கெடட் பங்கு கட்டாயமாக வேண்டும். கூட்டுத்தாபனக் கப்பல்களின் பயிற்சி இடங்கள் யாருக்குப் போயின, எந்த அடிப்படையில் போயின என்பது பட்டியலாக வெளிவர வேண்டும். தொலைபேசி அழைப்புக்கு இடம் போகும் நாட்டில் யட்டவத்தப் பிள்ளைக்கு அழைப்பெடுக்க ஆள் இல்லை.

ஐந்து. கப்பல் இடம் உறுதியான பிள்ளைக்கு, அதிகாரியாகி உழைக்கத் தொடங்கின பிறகு கட்டும்படியான அரச கடன் வேண்டும். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு 2014இல் தனிச் சட்டமே போட்ட நாடு, கடல் படிக்க வரும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கடன் திட்டம் போட முடியாதா? அதோடு, தமிழ்மூலம் உயர்தரக் கணிதப் பிரிவு இருக்கிற பாடசாலைகள் மாத்தளை மாவட்டத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கணிதமும் பௌதிகவியலும் ஆங்கிலமும் இல்லாமல் எந்தப் பிரிட்ஜுக்கும் ஏற முடியாது. கொழும்பில் மூடப்படும் கதவுக்கு முன்னால் ஊரிலேயே மூடப்படும் கதவு அது.

இதெல்லாம் நாளைக்கே நடக்காது. அதுவரைக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு நாம் சொல்லக்கூடியது சில உண்டு. காசு கட்டுவதற்கு முன்னால் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரிடம் கண்ணைக் காட்டுங்கள். டெக் பிரிவுக்கு நிறப்பார்வை கண்டிப்பு, ஏனென்றால் எதிர்க் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதைப் பிரித்தறியாத கண்ணோடு பிரிட்ஜில் நிற்க முடியாது. படித்துக் காசு கட்டின பிறகு இதைத் தெரிந்துகொள்வதைப் போலக் கொடுமை இல்லை. பாடநெறி எந்தச் சான்றிதழுக்கு இட்டுச்செல்லும், அதிகாரிக்கா சீமனுக்கா என்று எழுத்தில் கேளுங்கள். கப்பல் இடத்துக்கு யார் பொறுப்பு, எந்தக் கம்பனி, கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்றும் எழுத்தில் கேளுங்கள். போன அணியில் படித்த இரண்டு பேரின் தொடர்பைக் கேட்டு வாங்கி, அவர்களோடு தனியாகப் பேசுங்கள். "எல்லாம் வாயால சொன்னாப் போதும் தம்பி, நம்பிக்கைதானே" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடலில் ஒவ்வொரு காவலையும் லொக் புத்தகத்தில் எழுதிவைப்பார்கள். எழுத்தில் கொடுக்கப் பயப்படுகிறவரிடம் கடல் படிப்பு படிக்க முடியாது.

உங்களில் யாராவது இப்போதே வகுப்பை முடித்துக் கப்பல் இல்லாமல் நின்றால், அது உங்கள் கெட்டிக்காரத்தனத்தின் குறைபாடு இல்லை. உங்களிடம் முழுக் காசு வாங்கிவிட்டுப் பாதிப் பயிற்சியைத் தந்தவர்களின் கடன் அது. கடன்பட்டவர் போல நீங்கள் தலைகுனிந்து நடக்க வேண்டாம். உங்களை மாதிரி நிற்கிற மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள், பட்டியல் போடுங்கள், சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகக் கேட்கிறவனுக்கு "அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். முப்பது பேர் கையெழுத்தோடு போனால் அடுத்த மாதம் என்பது ஒரு திகதியாக மாறும்.